இலை வெட்டி அனுப்பிய வேடரும் எங்கள் வெள்ளைக் கல்லும்

சென்ற வருடம் எங்கள் பாடசாலைக் கண்காட்சியில் நான் ஒரு பிழை விட்டேன். அதிலிருந்துதான் இந்தக் கட்டுரையைத் தொடங்க வேண்டும். அந்தப் பிழை நடக்காவிட்டால், தமிழ் படிப்பிக்கிற எனக்குக் கல்லைப் பற்றி வாசிக்கிற தேவையே வந்திராது.

தரம் எட்டில் படிக்கிற ஒரு பிள்ளை இரண்டு கல்லைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். உப்புவெளியில் அவனுடைய மாமா வீடு கட்டுகிறார். அங்கே கொட்டியிருந்த மணல் குவியலுக்குள் கிடந்ததாம். ஒன்று உள்ளங்கை அளவு, கருஞ்சாம்பல் நிறம், நல்ல முக்கோணம். படங்களில் பார்க்கிற அம்புத் தலை மாதிரியே இருந்தது. மற்றது பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. கலங்கிய வெள்ளை. ஒரு பக்கம் கூர், மறுபக்கம் வளைந்து மொட்டையாக இருந்தது.

"சேர், இது அந்தக் காலத்து அம்பா?"

"அப்படித்தான் தெரியுது மகன்" என்றேன்.

பெரியதை வாங்கி, சிவப்புத் துணி விரித்த பெட்டியில் வைத்து, 'கற்கால அம்புமுனை: எம் மண்ணின் மூத்தோர் கைவண்ணம்' என்று நானே எழுதி ஒட்டினேன். சின்னதை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். கண்காட்சிக்கு வந்த பேச்சாளர் ஒருவர் அந்தக் கல்லைக் கையில் தூக்கிப் பிடித்து, இந்த மண் யாருடையது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று கேட்டார். பலத்த கைதட்டல். நானும் தட்டினேன்.

அடுத்த கிழமை என் ராத்தாவின் மகள் லீவில் வந்தாள். பேராதனையில் தொல்லியல் படிக்கிறவள். கல்லைக் கையில் எடுத்து ஒரு திருப்புத் திருப்பினாள்.

"மாமா, இது கிறஷர்ல உடைஞ்ச கல். வீதிக்குப் போடுற சல்லி."

பிறகு கேட்டாள்: "மற்றக் கல் எங்கெ?"

உடைந்த கல் எல்லாம் கருவி அல்ல. இந்தப் பாடத்தின் முதல் வரி அதுதான். கல் வெயிலில் வெடிக்கும், ஆற்றில் உருண்டு சில்லு தெறிக்கும், லொறிச் சக்கரத்தில் நசுங்கும், யந்திரத்தில் உடையும். மனிதக் கை உடைத்த கல்லில் சில அடையாளங்கள் இருக்கும். சிக்கிமுக்கிக்கல் வகையான சேர்ட்டை ஓரத்தில் ஓங்கி அடித்தால் ஒரு செதில் கழன்று விழும். அடி விழுந்த இடம் சிறு மேடை போலத் தட்டையாக இருக்கும். அதற்குக் கீழே செதிலின் உட்புறத்தில் ஒரு குமிழ் புடைத்து நிற்கும். அந்தக் குமிழிலிருந்து, குளத்தில் கல் போட்டால் அலை விரிகிற மாதிரி, மெல்லிய வளையங்கள் பரவும். தடித்த கண்ணாடிப் போத்தல் உடைந்த விளிம்பைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

ஆனால் நமக்கு வாய்த்த கல் வேறு. இலங்கையின் கற்கால மக்கள் பெரும்பாலும் கையாண்டது குவார்ட்ஸ். எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் வெள்ளைக்கல் என்பார்கள். இருட்டில் இரண்டை உரசி மினுக்கம் பார்க்கிற அதே கல்தான். இதற்குள்ளே கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் ஏராளம். ஒரு பக்கம் அடித்தால் நாம் நினைத்த பக்கம் உடையாது. குமிழும் வளையமும் தெளிவாக விழாது. அதனால் அவர்கள் ஒரு சின்னக் கல்லை எடுத்து, அடியில் ஒரு பட்டடைக் கல்லை வைத்து, மேலிருந்து சுத்தியல் கல்லால் இடித்தார்கள். நாங்கள் கொட்டைப் பாக்கை உடைக்கிற மாதிரி. இப்படி உடைத்த துண்டின் இரண்டு முனையிலும் நசுங்கிய தழும்பு இருக்கும். குருவிட்டவுக்கு அருகிலுள்ள பட்டதொம்ப-லென, கித்துல்கல பெலி-லென, புளத்சிங்களவிலுள்ள பாஹியன் குகை ஆகிய இடங்களில் கிடைத்த கற்கள் பெரும்பாலும் இந்த முறையில் உடைத்தவைதான். பழக்கமில்லாத கண் இவற்றை வெறும் கல்லுடைசல் என்று தள்ளிவிடும். நான் தள்ளினேனே, அதைப் போல.

உடைத்த துண்டை அப்படியே பாவிக்கலாம். அதைத் திருத்தியும் எடுக்கலாம். திருத்தல்தான் வகைப்படுத்தலின் உயிர். ஒரு மெல்லிய செதிலின் ஒரு விளிம்பைக் கூராகவே விட்டுவிட்டு, மறு விளிம்பை வேண்டுமென்றே சிறு சிறு சில்லாகத் தட்டி மொட்டையாக்குவார்கள். எதற்கு? கூர் விளிம்பு வெட்டும். மொட்டை விளிம்பு மரத்திலோ எலும்பிலோ வெட்டிய பள்ளத்தில் இருந்து, பிசினோடு ஒட்டி நிற்கும். அதுவும் கூராக இருந்தால் தண்டையே அறுத்துவிடும். இப்படித் திருத்திய துண்டு அரைவட்டமாக இருந்தால் பிறை, மூன்று மூலையாக இருந்தால் முக்கோணம், மேலும் கீழும் சமாந்தரமாக இருந்தால் சரிவகம் என்று பெயர். மூன்றுக்கும் பொதுப் பெயர் வடிவ நுண்கருவி. நீளம் ஒன்றிலிருந்து நான்கு சென்ரிமீற்றருக்குள் அடங்கும்.

இதிலே ஒரு மயக்கம் உண்டு. அம்பு முனை என்றதும் நாம் ஒரே கல்லில் செய்த முக்கோணத் தலையைத்தான் கற்பனை பண்ணுகிறோம். சினிமாவும் பாடப்புத்தகப் படமும் செய்த வேலை அது. நுண்கருவி என்பது பல்செட்டில் ஒரு பல்லு மாதிரி. ஒரு தண்டில் ஒன்றை நுனியிலும் இரண்டைப் பக்கத்திலும் பதித்தால் அது எறிமுனை. வரிசையாகப் பதித்தால் கத்தி. பல்லு ஒன்று விழுந்தால் அதை மட்டும் மாற்றலாம். மெக்சிக்கோவின் அஸ்டெக் வீரர்கள் மரத் தண்டின் இரண்டு ஓரமும் எரிமலைக் கண்ணாடித் தகடுகளைப் பதித்து வாள் மாதிரி வைத்திருந்தார்கள். 500 ஆண்டுகளுக்கு முன் அங்கே இறங்கிய ஸ்பானியர் அதைக் கண்டு மிரண்டு எழுதி வைத்திருக்கிறார்கள். பொறிமுறை இதேதான்.

ஆகவே ஒரு பிறையைக் கையில் வைத்துக்கொண்டு இது அம்புமுனை என்று அடித்துச் சொல்ல முடியாது. எறிந்து மோதிய கல்லில் நுனியிலிருந்து உள்நோக்கி ஓடுகிற ஒரு வகை உடைவு இருக்கும். வெட்டப் பாவித்த கல்லின் விளிம்பில் தேய்மானமும் மினுக்கமும் இருக்கும். சில கற்களில் ஒட்டிய பிசினின் மிச்சம் கூடத் தங்கியிருக்கும். நுணுக்குக்காட்டியில் வைத்துத்தான் இதையெல்லாம் தேட வேண்டும். தேய்த்துக் கழுவி, பொலிஷ் பண்ணி, சிவப்புத் துணியில் வைத்த பிறகு தேட ஒன்றும் மிஞ்சாது.

இனி, இலங்கையில் ஒரே கல்லில் செய்த முனை இல்லையா என்றால், இருக்கிறது. பலாங்கொடை முனை என்று அதற்குப் பெயர். குவார்ட்ஸில் அல்லது சேர்ட்டில், இலை போன்ற அல்லது முக்கோண வடிவில், இரண்டு முகத்திலும் செதுக்கியது. இதை இடித்துச் செய்ய முடியாது. எலும்பு அல்லது கொம்பு முனையை விளிம்பில் வைத்து அழுத்த வேண்டும். அழுத்த அழுத்த, மீன் செதில் மாதிரி மெல்லிய சில்லுகள் கழன்று வரும். குவார்ட்ஸின் முரட்டுக் குணத்தை நினைத்தால், அந்தக் கைகளுக்கு எவ்வளவு பொறுமை இருந்திருக்க வேண்டும்! பலாங்கொடை, பண்டாரவளைப் பக்கத்து மலைப் புல்வெளிகளில் இவை கிடைத்திருக்கின்றன. ஆயிரக்கணக்கான சில்லுக்குள் ஒன்றிரண்டுதான் இப்படி வரும். அரிய பொருள் அது.

இவற்றை முதலில் பொறுக்கியவர்கள் தேயிலைத் தோட்டத்துத் துரைமார். மஸ்கெலியாவில் இருந்த ஜோன் போல், தான் சேர்த்தவற்றைப் பற்றி 1913இல் ஒரு நூலே வெளியிட்டார். காட்டை வெட்டி, மண்ணைக் கொத்திப் புரட்டியதால்தான் கல் மேலே வந்தது. கொத்திய கை யாருடையது என்று அந்த வரலாறுகளில் பெரிதாக எழுதியில்லை. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளிகளின் மண்வெட்டி அது என்பது எனக்கு ஞாபகம் வராமல் போகாது. 1907இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரத்து இயற்கையியலாளர்களான போல் சரசின், பிரிற்ஸ் சரசின் ஆகிய இருவரும் வேடர் வாழ்ந்த குகைகளைத் தேடி வந்து தோண்டி, அடுத்த வருடமே இலங்கையின் கற்காலம் பற்றி ஜேர்மன் மொழியில் எழுதினார்கள். பிறகு பி. ஈ. பி. தெரணியகல, அவருடைய மகன் சிரான் தெரணியகல. பலாங்கொடை மனிதன் என்ற பெயரைப் புழக்கத்தில் விட்டவர் தகப்பன். மகனோ 1980களில் பட்டதொம்ப-லெனவில் கிடைத்த பிறைகளுக்கும் முக்கோணங்களுக்கும் ஏறத்தாழ 28,000 ஆண்டு வயது என்று காட்டினார். ஐரோப்பாவில் இவ்வகை வடிவங்களைப் பனிக்காலம் முடிந்த பிந்திய காலத்துக்குரியவை என்று படிப்பித்துக்கொண்டிருந்த நேரம் அது. பலர் நம்பவில்லை. இன்று கணக்கு இன்னும் பின்னால் போய்விட்டது. பாஹியன் குகையில் நுண்கருவிகள் ஏறத்தாழ 48,000 ஆண்டுக்கு முந்திய படையிலிருந்தே தொடங்குகின்றன.

அதே குகையில் எலும்பு முனைகளும் கிடைத்தன. 2020இல் வெளிவந்த ஆய்வு 130 எலும்பு முனைகளைப் பற்றிச் சொல்கிறது. பல குரங்கின் எலும்பில் செய்தவை. அந்தக் காட்டு மக்கள் அதிகம் வேட்டையாடியதும் குரங்கையும் மர அணிலையும்தான். உயர்ந்த மரக்கிளையில் பாய்கிற பிராணியை ஈட்டி எறிந்து பிடிப்பது இலேசல்ல. முனைகளோ ஈட்டிக்கு மிகச் சின்னவை, மோதி உடைந்த தழும்பும் இருக்கிறது. ஆகவே வில்லும் அம்பும் இருந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் முடிவு. ஆபிரிக்காவுக்கு வெளியே வில்லம்புக்குக் கிடைத்த மிகப் பழைய சான்றுகளில் ஒன்று நம் களுத்துறை மாவட்டத்தில் இருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் எகிப்தும் மொசப்பத்தேமியாவும் வருகிற அளவுக்கு இது வருவதில்லை.

கடலுக்கு அந்தப் பக்கமும் பார்க்க வேண்டும். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதியில் தேரி என்கிற செம்மணல் மேடுகள் உண்டு. சாயர்புரம், குட்டம்புளி, மெஞ்ஞானபுரம் முதலிய ஊர்களின் தேரிகளில் குவார்ட்ஸிலும் வெளிறிய பழுப்புச் சேர்ட்டிலும் செய்த நுண்கருவிகள் கிடைக்கின்றன. 1956இல் சொய்னர், பிரிட்ஜெட் ஆல்ச்சின் இருவரும் இவற்றை விரிவாக ஆராய்ந்தார்கள். பிறைகளோடு அழுத்திச் செதுக்கிய இருமுக முனைகளும் அங்கே இருந்தன. இந்தியாவின் மற்ற நுண்கருவித் தலங்களில் அபூர்வமான இந்த நுட்பம் தேரியிலும் இலங்கை மலைகளிலும் ஒன்றாக இருப்பதை ஆல்ச்சின் பிறகு 1958இல் இலங்கைக் கருவிகளைப் பற்றி எழுதும்போது விளக்கினார். பனிக்காலத்தில் கடல் மட்டம் தாழ்ந்து பாக்கு நீரிணை தரையாக இருந்தது. கடல் கடைசியாக அதை மூடி ஏறத்தாழ 7,000 ஆண்டுதான் ஆகிறது. ஒத்த கருவி இரண்டு கரையிலும் இருப்பதில் அதிசயம் இல்லை. ஆனால் இங்கிருந்து அங்கே போனதா, அங்கிருந்து இங்கே வந்ததா என்று ஒரு கல்லைக் காட்டித் தீர்ப்புச் சொல்ல முடியாது. அன்றைக்கு இங்கு அங்கு என்ற பிரிவே இல்லை.

இப்போது மெக்சிக்கோவுக்கு ஒரு தரம் போய்வர வேண்டும். வகைப்படுத்தல் எங்கே உதவும், எங்கே கைவிடும் என்பதை அந்த ஒப்பீடு நன்றாகக் காட்டுகிறது. 1960களில் ரிச்சர்ட் மெக்நீஷ் என்பவர் தெஹுவாக்கான் பள்ளத்தாக்கின் வறண்ட குகைகளைப் படை படையாகத் தோண்டினார். அங்கே எறிமுனைகளைப் பிரிக்கும்போது முக்கியமாகப் பார்ப்பது நுனியை அல்ல, அடியை. தண்டில் கட்டுகிற பகுதி அடிதானே. அடி நேராக இருக்கிறதா, உட்குழிந்ததா, வெளியே நீண்ட காம்பு உண்டா, பக்கத்தில் கட்டுவதற்கு வெட்டு உண்டா என்று பார்த்து, ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு பெயர் வைக்கிறார்கள். நுனி உடையும், திருப்பிக் கூராக்குவார்கள், அப்படிச் செய்யச் செய்ய முனை குட்டையாகும். அடி அவ்வளவு மாறாது. பென்சிலை எத்தனை தரம் சீவினாலும் பின்பக்கத்து அழிறப்பர் அப்படியே இருக்கிற மாதிரி. சிலவேளை திரும்பத் திரும்பச் சீவியதால் ஒரு வகை மற்ற வகை போல மாறிவிடுவதும் உண்டு. அதனால் இரண்டு பெயர் வைத்த வடிவங்கள் உண்மையில் ஒரே முனையின் இளமையும் முதுமையும் தானா என்று அங்கேயும் சண்டை நடக்கிறது.

அவர்களுக்கு இரண்டு வசதி உண்டு. ஒன்று, வடிவங்கள் காலத்தோடு மாறின. ஒரு காலத்து அடி அடுத்த காலத்தில் வழக்கொழிந்தது. பழகிய கண் முனையின் அடியைப் பார்த்தே ஏறத்தாழ எந்தக் காலம் என்று ஊகிக்கும். இரண்டு, எரிமலைக் கண்ணாடி. ஒவ்வொரு எரிமலைக்கும் அதன் கண்ணாடியில் தனி இரசாயனச் சேர்க்கை இருக்கும். பச்சூக்கா என்ற இடத்துக் கண்ணாடி பச்சை நிறம். அது நூற்றுக்கணக்கான மைல் தள்ளி எங்கே கிடைத்தாலும் வணிகப் பாதை தெரிந்துவிடும்.

நமக்கு இரண்டும் இல்லை. எரிமலையும் இல்லை, எரிமலைக் கண்ணாடியும் இல்லை. குவார்ட்ஸ் எங்கும் கிடக்கிறது. எங்கள் கோணமலைப் பாறையிலேயே இருக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல் மற்றது: பாஹியன் குகையின் நுண்கருவித் தொழில் 45,000 ஆண்டுக்கு மேற்பட்ட காலத்திலிருந்து 4,000 ஆண்டுக்கு முன்வரை பெரிய மாற்றமில்லாமல் தொடர்ந்திருக்கிறது. இதைத் தேக்கம் என்று நினைக்கக் கூடாது. மழைக்காட்டுக்குப் பொருந்தின கருவி, பொருந்தினபடியே நின்றது. ஆனால் நமக்கு இதன் பொருள் என்னவென்றால், ஒரு பிறையைப் பார்த்து அதன் வயதைச் சொல்ல முடியாது. அது 40,000 ஆண்டுப் பிறையாகவும் இருக்கலாம், மாந்தையின் பழைய துறைமுகப் படைகளுக்கு அடியில் கிடைத்தது போன்ற மிகப் பிந்தியதாகவும் இருக்கலாம். வயதைச் சொல்வது கல்லல்ல. அது கிடந்த மண் படை, கூடக் கிடந்த கரி, எலும்பு, சிப்பி.

வடிவம் என்பது முதலில் செய்கிறவன் மனதில் இருக்கிற ஒன்று. இதற்கு எங்கள் ஊரோடு சேர்ந்த ஒரு சாட்சி இருக்கிறது. 1660இல் கொட்டியார்க் குடாவில், மூதூர்ப் பக்கம், கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்ட ஆங்கிலேயர் றொபர்ட் நொக்ஸ். பத்தொன்பது வருடத்துக்கு மேல் உள்நாட்டில் சிறையிருந்து, தப்பிப் போய், 1681இல் லண்டனில் தன் நூலை வெளியிட்டார். காட்டு வேடர் அம்புத் தலை பெறுகிற விதத்தை அதில் சொல்கிறார். இரவிலே கொல்லனின் பட்டறைக்கு வந்து இறைச்சியைத் தொங்கவிட்டு, தங்களுக்கு வேண்டிய அம்பின் வடிவத்தில் ஓர் இலையை வெட்டி அருகில் வைத்துவிட்டுப் போவார்களாம். கொல்லன் அந்த வடிவிலேயே இரும்பில் அடித்து வைத்தால் மறுபடி இறைச்சி கிடைக்கும். ஆளை ஆள் காண்பதில்லை, ஒரு வார்த்தை பேசுவதில்லை. இலைதான் ஓடர். கல்லை விட்டு இரும்புக்கு மாறிய பிறகும், செய்கிறவன் வேறு இனத்தவன் ஆன பிறகும், வடிவம் வேடனுடையதாகவே இருந்தது. நான் வாசித்ததில் 'வகை' என்ற சொல்லை இதைவிடத் தெளிவாக விளங்கப்படுத்துகிற இடம் வேறில்லை.

தமிழிலும் தேடினேன். அம்பு, கணை, பகழி, வாளி, கோல் என்று எத்தனை சொல்! ஆனால் முனை கல்லா, எலும்பா, இரும்பா என்று பிரித்துச் சொல்கிற ஒரு தனிச் சொல் எனக்குக் கிடைக்கவில்லை. வகுப்பில் இதைச் சொன்னபோது பின்வாங்கிலிருந்து ஒருவன், "சேர், கல்முனைக்குப் போனா நிறைய எடுக்கலாமா?" என்றான். முனை என்பது அங்கே கடலுக்குள் நீண்ட நிலம் என்று விளக்கி முடிக்கிறதுக்குள் மணி அடித்துவிட்டது.

சரி, அந்தப் பேச்சாளரின் கேள்விக்கு வருவோம். இந்த மண் யாருடையது?

கிழக்கு மாகாணத்தில் தொல்பொருள் என்ற சொல் சும்மா வருவதில்லை. 2020 ஜூனில் கிழக்கின் தொல்லியல் மரபுரிமைகளை முகாமை செய்யவென ஒரு ஜனாதிபதிச் செயலணி நியமிக்கப்பட்டபோது அதில் தமிழரும் இல்லை, முஸ்லிமும் இல்லை. மூன்று இனமும் வாழ்கிற மாகாணத்துக்கு அப்படி ஒரு குழு. அதன் கசப்பு நமக்குத் தெரியும். வயலுக்குள்ளே எல்லைக்கல் நட்டால் விவசாயிக்கு என்ன நடக்கும் என்பதும் தெரியும். ஆனால் அதற்குப் பதிலடியாக நாமும் ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு மேடையேறினால், அதே பிழையைத்தான் வேறு மொழியில் செய்கிறோம். அன்றைக்கு என் கைதட்டலும் அதில் சேர்த்தி. குவார்ட்ஸ் பிறையில் சிங்களமும் இல்லை, தமிழும் இல்லை. இந்த மொழிகள் பிறப்பதற்கு எத்தனையோ ஆயிரம் ஆண்டுக்கு முந்தியது அது. பலாங்கொடை மனிதனின் எலும்புகளை ஆராய்ந்த கென்னத் கென்னடி போன்றோர் வேடரோடுதான் உறவு கண்டார்கள். மூதூர், வெருகல், வாகரைப் பக்கங்களில் கடலோர வேடர் இன்றும் இருக்கிறார்கள், தமிழ் பேசுகிறார்கள், மீன் பிடிக்கிறார்கள். மூத்த குடி என்று நான் எழுதி ஒட்டியபோது அவர்களில் ஒருவர் கூட என் நினைவுக்கு வரவில்லை. எங்கள் பாடசாலையிலிருந்து மூதூர் தூரமும் இல்லை.

அந்தப் பெட்டியை நான் எடுத்துவிட்டேன். காலைக்கூட்டத்தில் பிள்ளைகளுக்கு முன்னால், அது வீதிச் சல்லி, எழுதியது நான், பிழை என்னுடையது என்று சொன்னேன். கொஞ்சம் சிரிப்புக் கிளம்பியது. அதிபருக்கு அவ்வளவு சந்தோசமில்லை.

மற்றக் கல்லுக்கு வருகிறேன். பிள்ளை அதைக் கொம்பாஸ் பெட்டிக்குள் வைத்திருந்தான், அல்ஹம்துலில்லாஹ். மருமகள் கைவில்லையில் வெகுநேரம் பார்த்தாள். மொட்டையான வளைவில் சின்னச் சின்னத் தழும்பு ஒரே திசையில், ஒரே அளவில், வரிசையாக விழுந்திருந்தது. யந்திரத்தில் உடைந்த கல்லில் தழும்பு தாறுமாறாகக் கிடக்கும். ஆற்றில் உருண்ட கல்லில் எல்லா விளிம்பும் ஒன்றுபோல மழுங்கும். இதிலோ ஒரு விளிம்பு கூர், ஒன்று மட்டும் மொட்டை.

"இது பிறைதான் மாமா. கை வேலை. ஆனா எந்த இடத்து மண்?"

பிள்ளையின் மாமாவிடம் கேட்டோம். அவர் லொறிக்காரரின் நம்பரைத் தந்தார். லொறிக்காரர் நல்ல மனுசன், யோசித்துச் சொன்னார்: அந்தக் கிழமை மூன்று இடத்து மணல் ஏற்றினது, மகாவலிப் பக்கம் இரண்டு, மற்றது எங்கே என்று ஞாபகமில்லை, யாட்டில் எல்லாம் ஒன்றாகக் கொட்டித்தான் திரும்ப ஏற்றினது. அதோடு அந்தக் கல்லின் கதை முடிந்தது. அது 40,000 ஆண்டா 4,000 ஆண்டா என்று இனி எந்த ஆய்வுகூடத்தாலும் சொல்ல முடியாது.

ஆகவே, வாசிக்கிறவர்களில் ஆசிரியர்களும் பெற்றோரும் இருந்தால் நடைமுறை விசயம் சில. கிணறு வெட்டும்போதோ, வயலில் வரம்பு கட்டும்போதோ, மழைக்குப் பிறகு மண் அரித்த இடத்திலோ ஒரேமாதிரியான வெள்ளைச் சில்லுகள் கும்பலாகக் கிடந்தால் நில்லுங்கள். ஒற்றைக் கல் ஏமாற்றும், கும்பல் அவ்வளவு ஏமாற்றாது. கருவி செய்த இடத்தில் ஒரு முனைக்கு நூறு கழிவுச் சில்லு கிடக்கும். கழிவுதான் முதல் அடையாளம். கையில் எடுக்க முதல் போனில் படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு பத்து ரூபாய்க் குற்றியை வைத்து. போனிலேயே இடத்தின் அமைவையும் பதியலாம். எவ்வளவு ஆழத்தில், என்ன நிற மண்ணில், கூடச் சிப்பியோ எலும்போ கரியோ இருந்ததா என்று ஒரு துண்டில் எழுதுங்கள். கழுவ வேண்டாம், பல்துலக்கியால் தேய்க்க வேண்டாம். தோண்டவே வேண்டாம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி அனுமதிப் பத்திரமின்றித் தொல்பொருளுக்காகத் தோண்டுவது குற்றம், கண்டெடுத்ததை அறிவிக்காமல் வைத்திருப்பதும் அப்படியே. அறிவித்தால் காணி போய்விடுமோ என்ற பயம் நம் ஆட்களிடம் இருக்கிறது. அந்தப் பயம் ஆகாயத்திலிருந்து வந்ததல்ல என்பதை மேலே சொன்னேன். என்றாலும், பல்கலைக்கழகத் தொல்லியல் துறையினரைக் கூடவே அழைத்து, படமும் திகதியும் எழுத்தும் கையில் வைத்துக்கொண்டு அறிவிக்கிற சமூகத்துக்கும், ஒளித்து வைத்துவிட்டுப் பிறகு அறியவருகிற சமூகத்துக்கும் இடையில், முதலாவதன் பேச்சுத்தான் எடுபடும் என்பது என் அபிப்பிராயம்.

போத்தல் கண்ணாடியைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. உப்புவெளிக் கடற்கரையில் அலை உருட்டிய பச்சைக் கண்ணாடித் துண்டுகளைப் பிள்ளைகள் கொண்டுவந்து கருவி என்கிறார்கள். முக்கால்வாசி வெறும் கண்ணாடிதான். ஆனால் சிரித்துத் தள்ளிவிட வேண்டாம். அவுஸ்திரேலியாவின் கிம்பர்லிப் பகுதிப் பழங்குடியினர் வெள்ளையர் எறிந்த போத்தலிலும், தந்திக் கம்பத்துப் பீங்கானிலும் அழுத்திச் செதுக்கி அருமையான ஈட்டி முனை செய்திருக்கிறார்கள். பொருள் நேற்றையது, நுட்பம் பழையது. எதுவானாலும் விளிம்பைத்தான் பார்க்க வேண்டும்.

அந்தப் பிள்ளை இப்போது தரம் ஒன்பதில் இருக்கிறான். போன மாதம் நிலாவெளிப் பக்கம் பெரியம்மா வீட்டுக்குப் போய்வந்தவன் ஒரு கொப்பித் தாளைக் கொண்டுவந்து காட்டினான். கல் இல்லை. தாளில் ஒரு வேலி, ஒரு கிணறு, கிணற்றிலிருந்து பதினான்கு எட்டு வடக்கே ஒரு புள்ளி, பக்கத்தில் 'வெள்ளைச் சில்லு, நிறைய, எடுக்கவில்லை' என்று எழுதியிருந்தது. மருமகளுக்குப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறேன். பரீட்சை முடிந்து வருகிறதாகச் சொன்னாள்.